முதக் கூவு

தம்பி, காலைக் கொஞ்சம் இங்கிட்டு நகட்டிக்கங்க. பயப்படாதீங்க, சேவலு கொத்தாது. ரெண்டு காலையும் சேத்துக் கட்டித்தான் கூடைக்குள்ள வச்சிருக்கேன். இதுக்கும் சேத்து டிக்கெட்டுப் போட்டுட்டாரு கண்டக்டரு. போட்டுட்டுப் போறாரு. நத்தத்துக்கு முன்னாடி ஒரு கருப்பு கோயில் விலக்கு வரும், அங்க எறங்கிருவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.

கூவுமான்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க போங்க. இது கூவுனதுக்காகத் தெருவையே கூட்டிப் பேசுன ஆளு நானு. இன்னைக்கு நானே இதக் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போறேன். எல்லாம் நேரம்.

எனக்குத் திண்டுக்கல்லுதான். ஹவுசிங் போர்டுல வீடு. வரிசை வீடுக, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான். அங்கிட்டு ஒரு பிள்ள தும்முனா இங்கிட்டு இருந்து நாம நூறு சொல்லலாம், அப்பிடி. நான் நூல் மில்லுல பாய்லர்ல இருந்தேன். சங்கு ஊதுறது என் வேல. விடியக்காலம் ஷிப்டுக்கு நான் ஊதுற சங்குக்குத்தான் அந்தப் பக்கம் பூராவும் அடுப்புப் பத்தும். எம் பேரு சுப்புராமு. வெறும் சுப்புராமுன்னா யாருக்கும் தெரியாது, சங்கு சுப்புராமுன்னாத்தான் தெரியும். அத்தன வருசத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து, சத்தம் தாங்கலப்பான்னு சொன்னது கெடையாது. ஏன்னா அது வேலைக்கான சத்தம். இது என்ன சத்தம்? கோழிச் சத்தம். ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் ஒசத்திப் பேசுங்க தம்பி. அந்தச் சங்கு பாதிக் காதக் கொண்டுபோயிருச்சு.

எங்க வீட்டுல அவ பேரு சௌந்தரம். போன ஆனியில, சாமான் வெளக்கிக்கிட்டு இருந்தவ அப்பிடியே சாஞ்சுட்டா. வாதம். வலது பக்கம் பூராவும் இழுத்துக்கிச்சு, பேச்சும் போயிருச்சு. இடது கை மட்டும் வேல செய்யும். பெரியாஸ்பத்திரியில வச்சுப் பாத்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கங்கன்னு அனுப்பிட்டாக. எங்களுக்கு ஒரே மக, தமயந்தி, ஓசூருல இருக்கா. ராத்திரிக்கு ஒரு ஆயாவ வேலைக்கு வையுங்கப்பான்னு போன்ல சொன்னா. நான் ஒரே பேச்சா வேணாம்னுட்டேன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, எம் பொண்டாட்டிய வேத்து ஆளு தொட்டுப் பாக்கணுமா? சோறு ஊட்டுறது, தொடச்சு விடுறது, துணி மாத்துறது, எல்லாம் இந்தக் கையிதான். அதுல ஒரு கொறையும் வச்சதில்ல. ஹவுசிங் போர்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

இப்பப் பக்கத்து வீட்டுக்கு வர்றேன். பஞ்சவர்ணம்னு ஒரு பொம்பள. அவ புருசன் வீரணன், லோடு ஆட்டோ ஓட்டுறவன், வாயில்லாப் பூச்சி. பஞ்சவர்ணம் என்னைய அண்ணேம்பா, சௌந்தரத்த மதினிம்பா. மதினி மதினின்னு எந்நேரமும் எங்க அடுப்படியிலதான் கெடப்பா. புளி இல்லைன்னா இங்க வருவா, கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் வந்துரும். சரி, நல்ல பொம்பளதான், அதை இல்லைன்னு சொல்லல. ஆனா பாருங்க, சௌந்தரம் படுக்கையில விழுந்து அடுத்த வாரமே இவ ஒரு எளஞ்சேவலக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து எறங்குறா. பக்கத்து வீட்டுல, மதினி மதினின்னு உசுர விட்டவ, ஒருத்தி வாயி பேச முடியாமக் கெடக்கா. இவளுக்குச் சேவ வளக்குற ஆசை. என்ன மனசு பாருங்க.

மொதல்ல கத்தத் தெரியாமக் கரகரன்னுக்கிட்டு இருந்துச்சு. புரட்டாசி பெறந்துச்சோ இல்லையோ, குரல் தெறந்துருச்சு. அவுக பின்பக்கத்துக் கட்டைச் செவுரு மேல ஏறி, எங்க ஜன்னலப் பாத்துக் கூவும். எங்க ஜன்னலத்தான் பாக்கும், வேற எங்கிட்டும் திரும்பாது. இருட்டோட முதக் கூவு. அப்பறம் ஒரு தூக்கம் பிடிக்கிற நேரத்துல ரெண்டாவது. அப்பறம் வெளுக்கையில ஓயாம.

நான் என்ன பண்ணுவேன்? முதக் கூவுக்கே முழிப்புத் தட்டிரும். எந்திரிச்சுப் போயி ஜன்னலச் சாத்துவேன். எந்திரிச்சதே எந்திரிச்சோம்னு சௌந்தரத்த ஒரு பொரட்டு பொரட்டி மறுபக்கம் போடுவேன். நனைஞ்சிருந்தா துணிய மாத்துவேன், ரெண்டு கரண்டி வெந்நீர ஊத்துவேன், படுப்பேன். கண்ணு அசருவேன், அடுத்தது கூவும். மறுபடி எந்திரிச்சு அதே கதைதான். இப்பிடி ஒரு மனுசன் எத்தன நாளைக்குத் தம்பி இருக்க முடியும்? பகல்ல உக்காந்தா அப்பிடியே தலை தொங்கும்.

ஆனா எனக்காக இல்ல தம்பி. சத்தியமா எனக்காக இல்ல. அவளுக்காக. அந்தச் சேவ கூவுனா சௌந்தரம் முழிச்சுக்குவா. முழிச்சு, அந்த இடது கையி இருக்கே, அதால கட்டில் சட்டத்தத் தட்டுவா. டொக்கு டொக்குன்னு. மூஞ்சி ஒரு பக்கமாக் கோணும். பாதிக் காது உள்ள எனக்கே அந்தச் சத்தம் இப்பிடித் துளைக்குதுன்னா, முழுக் காதும் உள்ளவளுக்கு எப்பிடி இருக்கும்? சத்தம் தாங்காமத்தான் தட்டுறா பாவம்னு எனக்கு வயிறு எரியும். நான் கிட்டப் போயி ஒரு பக்கமா சாய்ச்சுப் போட்டதும் தட்டுறத நிறுத்திருவா. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலப் பாப்பா. அந்தச் சனியன விரட்டுன்னு சொல்றான்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசம் கூடக் குடும்பம் நடத்துனவன்.

மொதல்ல நல்ல வார்த்தையாத்தான் சொன்னேன். பஞ்சவர்ணம் உடனே பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து, மேல சாக்கப் போட்டு மூடுனா. சாக்குக்குள்ள இருந்தும் கூவுச்சு. முன்பக்கம் கொண்டு போயிக் கட்டுனாக. அங்க இருந்தும் கேட்டுச்சு. தலைய நிமித்துனாத்தான் சேவலுக்குக் கூவ வரும், மேல இடிக்கிற மாதிரி ஒரு கூடையில போடுன்னு யாரோ வீரணனுக்குச் சொல்லியிருக்காக. போட்டான். மறுநாள் முதக் கூவு நேரத்துக்கு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, தொண்டையில முள்ளு சிக்குனவன் மாதிரி. பஞ்சவர்ணம் அழுதுக்கிட்டே ஓடிப் போயித் தெறந்து விட்டுட்டா. இதுக்குப் போயி அழுவாகளா? கொழம்பு வைக்க வேண்டிய சாமானுக்கு?

அதையேதான் நானும் கேட்டேன். இத்தன தொல்லைக்கு, அடிச்சுக் கொழம்பு வச்சுச் சாப்புட்டுட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானேம்மான்னேன். மொகம் அப்பிடியே சுண்டிருச்சு.

"அண்ணே, அப்பிடிச் சொல்லாதீக. அது கருப்புக்கு நேந்துவிட்டது."

யாருக்காக நேந்தன்னு கேட்டேன். வேண்டுனது நடக்குற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதாம். வித்தாலும் குத்தம், குடுத்தாலும் குத்தம், நம்ம கண்ணு முன்னாடிதான் வளரணுமாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உன் வேண்டுதல நீ உன் வீட்டுக்குள்ள வச்சுக்க, அதுக்கு எதுக்கு எம் பொண்டாட்டி தூக்கத்தக் கெடுக்குறன்னு நல்லாக் கேட்டுப்புட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா.

அப்பறம்தான் குடியிருப்போர் சங்கத்துல சொன்னேன். பிள்ளையார் கோயில் முன்னாடி எல்லாரையும் கூட்டுனாக. நான் எந்திரிச்சுப் பேசுனேன் தம்பி. வாழ்க்கையில அன்னைக்குத்தான் நாலு பேரு முன்னாடி நின்னு பேசுனேன். எனக்காகக் கேக்கல, பேச முடியாத ஒருத்திக்காகக் கேக்குறேன், அவ படுற வேதனைய நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். பொம்பளைக எல்லாம் முந்தானையில மூக்கத் தொடச்சாக. பஞ்சவர்ணம் மட்டும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. என்னமோ சொல்ல வந்தா. வீரணன் கையப் பிடிச்சு அமத்திட்டான். ஐப்பசி மழைக்கு முன்னாடியே சேவலக் கோபால்பட்டியில மச்சினன் தோட்டத்துக்குக் கொண்டு போறேன்னு வீரணன் ஒத்துக்கிட்டான். லோடு ஆட்டோவுல வச்சுக் கொண்டு போகையில இவ வாசல்ல நின்னு கும்புட்டா. எனக்கென்ன போச்சு, கும்புட்டுக்கட்டும்.

அன்னைக்கு ராத்திரி தூங்குனேன் பாருங்க, அப்பிடி ஒரு தூக்கம். படுத்தது தெரியும், முழிச்சா பால்காரன் மணி அடிக்கிறான். நல்லா வெயில் வந்துருச்சு. மறுநாளும் அப்பிடித்தான். மில்லுல சேந்ததுல இருந்து நான் அப்பிடித் தூங்குனதே இல்ல. ஒடம்பே லேசாயிருச்சு. சௌந்தரத்துக்கிட்ட, பாத்தியா, உன்னைய எப்பிடி நிம்மதியா ஆக்கிட்டேன்னு சொன்னேன். அவ ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தா. கன்னத்துல தண்ணி வழிஞ்சுருந்துச்சு. சந்தோசம் வந்தா அழுகுறவதான் அவ, கலியாணத்தன்னைக்கே அப்பிடித்தான்.

ஆனா பஞ்சவர்ணம் விட்டாளா? ஒரு வாரம் போயிருக்கும், வந்து நிக்கிறா. விடியக்காலம் மதினி கட்டிலத் தட்டிக்கிட்டே இருக்காக, எங்க செவுரு வழியாக் கேக்குது, ரொம்ப நேரம் தட்டுறாக, நீங்க எந்திரிக்கலியான்னு கேக்குறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. சேவலு போன பெறகு அவ எதுக்குத் தட்டப் போறா? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. சேவலத் திரும்பக் கொண்டார்றதுக்கு நீ ஒரு சாக்குத் தேடுறியான்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். சாவியக் குடுங்கண்ணே, நான் வந்து ஒருதரம் திருப்பிப் போட்டுட்டுப் போறேன்னா. ராத்திரியில எம் வீட்டுச் சாவிய இவ கையில குடுக்கணுமாம். எம் பொண்டாட்டியப் பாத்துக்க எனக்குத் தெரியும்மான்னு அனுப்பிட்டேன். அதுல ஏதாச்சும் தப்பு இருக்கா?

கார்த்திகை கடைசியில ஒரு நாளு துணி மாத்தையில ஒரு வாடை அடிச்சுச்சு. திருப்பிப் பாத்தா இடுப்புக்குக் கீழ புண்ணு. மொதல்ல செவப்பாத்தான் இருந்துச்சு, மளமளன்னு குழி விழுந்துருச்சு. எல்லாம் அந்த மெத்தையாலதான். பஞ்சு நல்ல பஞ்சு இல்ல, மழைக்கு ஈரத்தப் பிடிச்சுக்கிச்சு. டாக்டரு, ராத்திரியில எத்தன தடவ திருப்பிப் போடுறீங்கன்னு கேட்டாரு. படுக்கையில ஒரு தடவ, காலையில எந்திரிச்சு ஒரு தடவ சார், தவறாமப் பண்றேன்னேன். நடுவுலன்னாரு. முன்ன நடுவுலயும் எந்திரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் சார், பக்கத்து வீட்டுச் சேவ தூங்க விடாது, இப்ப அந்தத் தொல்லை இல்லன்னேன். அவரு என்னையப் பாத்தாரு, பேனாவக் கீழ வச்சாரு. அந்தக் காலத்து டாக்டருகன்னா ரெண்டு வார்த்த வெளக்கிச் சொல்லுவாக.

தை பெறக்குறதுக்குள்ள காய்ச்ச கண்டுருச்சு. பொங்கலுக்கு மறுநாளு போயிட்டா.

நல்லவ தம்பி. ஒரு நாளு என்னைய எதுத்துப் பேசுனதில்ல. பேச்சுப் போன பெறகுதான் இல்ல, அதுக்கு முன்னாடியும் பேச மாட்டா. எதுவும் வேணும்னா கேக்க மாட்டா, நாமதான் தெரிஞ்சுக்கணும். அவ இல்லாம வீடு வீடா இல்ல. ஒருத்தருக்குச் சோறு வடிச்சா பானையில அளவே பிடிபட மாட்டேங்குது.

தமயந்தி வந்திருந்தா. குளிப்பாட்டுறப்ப அந்தப் புண்ணப் பாத்துட்டா. எல்லாம் முடிஞ்சு, ஊருக்குக் கெளம்புறப்ப வாசல்ல நின்னு கேட்டா.

"அப்பா, விடியக்காலம் அம்மா தட்டுனது உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"

யாரு சொல்லிக் குடுத்திருப்பான்னு எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரிதான். எனக்குக் காது மந்தம்னு தெரிஞ்சே ஒரு மக அப்பிடிக் கேக்கலாமா? அதுல இருந்து போனும் கொறைஞ்சு போச்சு. தூரத்துல இருக்குறவுகளுக்குக் கோவம் சுளுவா வந்துருது.

என்ன தம்பி, சாணார்பட்டி தாண்டிருச்சா? கோபால்பட்டியும் போயிருச்சா? பேச்சுல தெரியல பாருங்க.

இப்ப எதுக்கு இந்தச் சேவலோட போறேன்னுதானே கேட்டீங்க. பதினாறு முடிஞ்ச பெறகு பஞ்சவர்ணம் வந்தா. வந்து உள்ள வரல, நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"மதினி எந்திரிச்சு நடந்தா கருப்புக்குச் சேவலு விடுறேன்னு நேந்திருந்தேன், அண்ணே. அவுகளுக்கு நேந்ததுதான் அது."

அப்பிடியே உக்காந்துட்டேன். இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்? சொன்னா பலிக்காதாம். இப்ப மட்டும் பலிச்சுருச்சா? அதை அவகிட்டக் கேக்கல. அவ சொல்றா, நேந்தது நடக்காட்டியும் சேவலு சாமிக்குச் சொந்தம், நாம வச்சுக்கக்கூடாது, மதினி வீட்டு ஆளு கையாலயே கொண்டு போயி விட்டுருங்கன்னு. நீயும் வாம்மான்னேன். வரலண்ணே, எனக்குப் பாக்க முடியாதுன்னுட்டா. பூசாரிகிட்ட வீரணன் பேசி வச்சிருக்கான். இன்னைக்கு உச்சி பூசைக்கு அறுத்துருவாக.

சாமி கோவிச்சுக்கிட்டுத்தான் அவளைக் கூப்புட்டுக்கிச்சுன்னு ஹவுசிங் போர்டுல பேசிக்கிறாக. அதையெல்லாம் நான் நம்புறவன் இல்ல. சேவல அனுப்புனதுக்கும் அவ போனதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கெடையாது. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்.

ஒண்ணு மட்டுந்தான் பிடிபடல. நேத்து சாயங்காலம் வீரணன் தோட்டத்துல இருந்து இதக் கொண்டாந்து, காலைல மொத பஸ்ஸுக்குப் போகணும்னு எங்க அடுப்படியிலயே விட்டுட்டுப் போனான். படுத்தேன். இருட்டோட முதக் கூவு கூவுச்சு. அதே குரலு. முழிச்சேன், எந்திரிச்சேன். ஜன்னலச் சாத்தப் போகல தம்பி. நேரா கட்டிலுக்குத்தான் போனேன். "இந்தா வந்துட்டேன் சௌந்தரம்"னு வாயி சொல்லுது. குனிஞ்சு ஒரு கைய தோளுக்கு அடியில, ஒரு கைய இடுப்புக்கு அடியில குடுக்குறேன். அப்பிடித்தான் பொரட்டணும், இல்லன்னா அவளுக்கு வலிக்கும். கையில நாடா தட்டுது. மெத்தையத்தான் அவகூடவே அனுப்பிட்டாகளே, வெறும் நாடாக் கட்டிலுதான் கெடக்கு. கைய எடுக்கத் தோணல. அப்பிடியே குனிஞ்சமானிக்கே நின்னேன். ரெண்டாவது கூவு கூவுனப்பவும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

எதுக்கு அங்க போனேன்? கூவுனா அங்க போகணும்னு இந்தக் காலுக்கு யாரு பழக்குனா? நீங்க படிச்ச பிள்ள மாதிரி தெரியுறீங்க, சொல்லுங்களேன்.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? அந்த டாக்டரும் இப்பிடித்தான் பாத்தாரு.

இருங்க, விலக்கு வந்துருச்சு. அந்தக் கூடையக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க. மெதுவா, மேல இடிக்காம, தலைய நிமித்த எடம் வேணும் அதுக்கு. கூவுனாக் கூவட்டும், இப்ப யாரு தூங்குறா. இதக் கொண்டு போயி விட்டுட்டா எல்லாம் முடிஞ்சுது. இனி எங்க வீட்டுல ஒரு சத்தமும் கெடையாது. இன்னைக்கு ராத்திரி விடிய விடியத் தூங்கலாம் தம்பி. எழுப்பத்தான் ஒண்ணும் இல்ல.